யேசபேல் புருசன் கப்பலேறிய கதை: 'மோபி டிக்'கைச் சுருக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக இலக்கியங்களைச் சுருக்கித் தமிழில் வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கும், சுருக்கித் தருகிற மொழிபெயர்ப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் என் தங்கை மகன் பள்ளி நூலகத்திலிருந்து அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலைத் தமிழ்ச் சுருக்கமாக எடுத்து வந்தான். 128 பக்கம். அட்டையில் வாயைப் பிளந்த திமிங்கிலம், அதன் முன்னால் ஒற்றைக்கால் கப்பல் தலைவன். தன் காலைப் பறித்த அந்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கக் கடல் கடலாகத் தேடுகிறவன் அவன். எந்தப் பதிப்பகம் என்று எழுதப் போவதில்லை. நான் எட்டாம் வகுப்பில் வாசித்த சுருக்கம் வேறொரு பதிப்பகத்துடையது. இரண்டிலும் கத்தரி ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் விழுந்திருக்கிறது. ஆகவே ஒருவருடைய பிழையாக இதைச் சொல்லவில்லை, தொழிலில் ஊறிப்போன பழக்கமாகச் சொல்கிறேன்.

பையன் அதை என் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. பழைய ஏற்பாட்டு ராஜாக்களின் கதைகள் மட்டும் வரி பிசகாமல் நினைவில் இருக்கின்றன. "கேப்டன் ஏஹாப்" என்று அவன் வாசிக்க வாசிக்க, யாரோ வெள்ளைக்காரன் என்று உம் கொட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் குறுக்கே புகுந்தேன். "எம்மா, அது நம்ம ஆகாப் ராஜா பேருதான்."

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "யாரு, யேசபேல் புருசனா? அவன் ரத்தத்த நாயில்லா நக்கிச்சு! அந்தப் பேரப் போயி எவம்ல கப்பக்காரனுக்கு வெச்சான்?"

அம்மா கேட்ட இந்தக் கேள்வி நாவலுக்குள்ளேயே இருக்கிறது. 16ஆம் அத்தியாயத்தில் நான்டக்கெட் தீவுக்கு வேலை தேடி வரும் கதைசொல்லி, கப்பலின் பங்குதாரரான பேலேகிடம் இதையேதான் கேட்கிறான்: அந்தப் பொல்லாத ராஜா கொல்லப்பட்டபோது நாய்கள் அவன் இரத்தத்தை நக்கவில்லையா? பேலேகு அவனைக் கிட்டே கூப்பிட்டு, இந்தப் பேச்சைக் கப்பலில் எடுத்துவிடாதே என்கிறார். அது ஆகாப் தானாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. புத்தி பேதலித்த விதவைத் தாய் வைத்த பெயர். பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். உங்கள் பதிப்பில் இந்தப் பேச்சு கிடையாது. இருந்திருந்தாலும் யாருக்கும் உறைத்திருக்காது. 'ஏஹாப்' என்பவனுடைய இரத்தத்தைத் தமிழில் எந்த நாயும் நக்கியதில்லையே.

ஆகவே என் முதல் வேண்டுகோள் மிகச் சின்னது, காசு செலவில்லாதது. பெயர்களைத் தமிழ் பைபிளில் இருக்கிறபடி எழுதுங்கள். தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாடு அச்சேறிய காலம் தொட்டு இந்தப் பெயர்களுக்கெல்லாம் தமிழில் ஓர் ஓசை உருவாகி வந்திருக்கிறது. எலைஜா என்று நீங்கள் அச்சடிப்பவர் எலியா. ஆகாப் ராஜாவை எச்சரித்த தீர்க்கதரிசி அவர். நாவலில், கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் இருவரை வழிமறித்து ஆகாப்பைப் பற்றிப் பூடகமாகப் பேசும் அம்மைத்தழும்பு முகக்காரனுக்கு அந்தப் பெயர். பில்டாட் என்பது பில்தாத். யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்து அவனையே குற்றவாளியாக்கிய சிநேகிதன் அவன். நாவலில் பில்தாத், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு முதலாளி. பேலேகோடு சேர்ந்து கப்பலுக்கு ஆள் எடுக்கிறவர்.

ஆள் எடுக்கும் அந்தக் காட்சியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திமிங்கில வேட்டைக் கப்பல்களில் சம்பளம் கிடையாது. நம் மீன்பிடி ஊர்களில் இருப்பதுபோலப் பங்குதான். 275இல் ஒரு பங்காவது தேறும் என்று மனக்கணக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிறான் கதைசொல்லி. பில்தாத் வேதப் புத்தகத்தில் மூழ்கியிருக்கிறார். "பூமியிலே உங்களுக்குப் பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்க வேண்டாம், இங்கே பூச்சியும்..." இந்தப் பையனுக்கு எத்தனை பங்கு போடலாம் என்று பேலேகு கேட்கிறார். 777இல் ஒன்று கொடுத்தால் அதிகமாகிவிடாதே என்று சொல்லிவிட்டு, பில்தாத் விட்ட இடத்திலிருந்து பூச்சியையும் துருவையும் தொடர்கிறார். கடைசியில் பேலேகு சத்தம் போட்டு 300இல் ஒன்று என்று எழுதுகிறார். ஜெபத்தையும் கஞ்சத்தனத்தையும் ஒரே வாயில் வைத்திருக்கும் பெரிய மனுஷர் ஒருவரையாவது பார்த்தவர்கள் இங்கே வாய்விட்டுச் சிரிப்பார்கள். உங்கள் சுருக்கத்தில் 'அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது' என்று ஒரு வரி.

கதைசொல்லியின் பெயரில் மட்டும் சிக்கல் கொஞ்சம் கூடுதல். இஸ்மாயில் என்று எழுதினால் முஸ்லிம் வாசகருக்கு அவர் நபி; தகப்பனின் தியாகத்தோடு சேர்த்து ஆண்டுதோறும் நினைக்கப்படுகிறவர். மெல்வில் மனத்தில் இருந்தது ஆதியாகமத்து இஸ்மவேல். ஆபிரகாம் வீட்டிலிருந்து தாய் ஆகாரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டவன். தன்னை இஸ்மவேல் என்று கூப்பிடச் சொல்வதுதான் நாவலின் புகழ்பெற்ற முதல் வாக்கியம். சொந்தப் பெயர் என்னவென்று அவன் கடைசிவரை சொல்வதில்லை, 'நான் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவன்' என்று மட்டும் அறிவித்துக்கொள்கிறான். 'இஷ்மேல்' என்ற உங்கள் எழுத்துக்கூட்டு இரண்டு வேதத்தாருக்கும் எதையும் சொல்லவில்லை.

அடுத்தது பெரிய வெட்டு. 7, 8, 9 ஆகிய மூன்று அத்தியாயங்களும் காணவில்லை. இது பற்றி உங்களில் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "பிரசங்கமெல்லாம் பிள்ளைகளுக்கு எதுக்கு சார்? கதை ஓடணுமில்லையா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. காகித விலை எனக்கும் தெரியும். 135 அத்தியாயமும் பின்னுரையும் உள்ள நாவலை 128 பக்கத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் எங்கேயாவது கை வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பிரசங்கம் கதையை நிறுத்தும் இடமில்லை, கதைக்குச் சாவி போடும் இடம்.

நியூ பெட்ஃபோர்ட் என்ற அமெரிக்கத் துறைமுக ஊரில் ஒரு மாலுமிகள் தேவாலயம். கடலில் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் சுவரெங்கும் பளிங்குப் பலகைகளில். அவற்றைப் பார்த்தபடி விதவைகள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிரசங்க மேடை கப்பலின் முகப்புப் போல இருக்கிறது. போதகர் மாப்பிள், பழைய ஈட்டிக்காரர், கயிற்றேணி பிடித்து அதில் ஏறுகிறார். ஏறி முடித்ததும் குனிந்து ஏணியை ஒவ்வொரு படியாக மேலே இழுத்து வைத்துக்கொள்கிறார். (இந்த மேடை மெல்வில்லின் கற்பனை. 1832இல் கட்டிய அந்தத் தேவாலயம் நியூ பெட்ஃபோர்டில் இன்றும் இருக்கிறது. 1956இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் வந்து கப்பல் மேடை எங்கே, எங்கே என்று கேட்க, 1961இல் ஒன்றைச் செய்து வைத்துவிட்டார்கள். இல்லாததை அவர்கள் கட்டினார்கள், இருந்ததை நீங்கள் இடித்தீர்கள்.)

பிரசங்கம் யோனாவைப் பற்றியது. நினிவேக்குப் போ என்று கர்த்தர் சொல்ல, எதிர்த் திசையில் தர்ஷீசுக்குக் கப்பலேறுகிறவன். கப்பல் தலைவன் ஆளைப் பார்த்ததுமே ஓடிப்போகிறவன் என்று கண்டுகொள்கிறான், ஆனாலும் மூன்று மடங்கு கூலி கேட்டு வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொள்கிறான். கையில் காசுள்ள பாவத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டாம், காசில்லாத புண்ணியத்தைத்தான் எல்லா எல்லையிலும் நிறுத்துவார்கள் என்கிறார் மாப்பிள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

அதற்குப் பிறகு அந்த விளக்கு. யோனா கீழ்த்தளத்து அறையில் படுத்திருக்கிறான். சரக்கு ஏற்றியதில் கப்பல் துறைப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. சுவரில் திருகாணியில் ஆடும் விளக்கு கோணலாகத் தொங்குவதுபோல் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் விளக்கு நேராகத்தான் இருக்கிறது; தரை, கூரை, சுவர் எல்லாம்தான் சாய்ந்திருக்கின்றன. என் மனச்சாட்சியும் இப்படித்தான் உள்ளே நேராக எரிகிறது, ஆத்துமாவின் அறைகள்தான் கோணல் என்று புரண்டு புரண்டு படுக்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இது புரியாது என்றா நினைக்கிறீர்கள்? தங்கை மகனுக்கு ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழில் சொன்னேன். குடிநீர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, "தண்ணி மட்டும் நேரா நிக்கு மாமா" என்றான்.

கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டுமானால் நமக்கு நாமே கீழ்ப்படியாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம் என்கிறது அந்தப் பிரசங்கம். மீதி நாவல் முழுக்க, அதைச் செய்ய முடியாத ஒருவனின் கதை. யோனா கடவுளுக்குப் பயந்து ஓடுகிறான். ஆகாப் சண்டைக்குத் தேடிப் போகிறான். வாயில்லாத ஜீவன்மேல் இப்படி வன்மம் வைப்பது தெய்வநிந்தனைபோல இருக்கிறது என்று முதல் துணைவன் ஸ்டார்பக் சொல்லும்போது, பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்த வாசகனுக்கு வயிற்றைப் பிசையும். கேட்காதவனுக்கு அது வேட்டைக்குப் போன இடத்தில் நடந்த வாய்த்தகராறு.

இனி 113ஆம் அத்தியாயம். உங்கள் புத்தகத்தில்: 'ஏஹாப் வலுவான புதிய ஈட்டி ஒன்றைச் செய்யச் சொன்னான்.' மூலத்தில் என்ன நடக்கிறது? பழுக்கக் காய்ச்சிய ஈட்டி முனையைத் துவைச்சலிட வேண்டும், அதாவது தோய்த்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தண்ணீர் வேண்டாம் என்கிறான் ஆகாப். கிறிஸ்தவர் அல்லாத, கப்பலின் மூன்று ஈட்டிக்காரர்களையும் கூப்பிட்டு அவர்கள் இரத்தத்தைக் கேட்கிறான். மூன்று பேர் சதையிலும் கீறி வாங்கிய இரத்தத்தில் இரும்பு சீறும்போது லத்தீனில் கத்துகிறான்: பிதாவின் நாமத்தினாலே அல்ல, பிசாசின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். 'பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே' என்பதை ஒரு முறையாவது காதில் வாங்கியவருக்கு இந்த இடத்தில் ரோமம் சிலிர்க்கும். 1851 ஜூனில் தன் நண்பர் நத்தானியல் ஹாதோர்னுக்கு எழுதிய கடிதத்தில் மெல்வில் இந்த லத்தீன் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, புத்தகத்தின் இரகசிய முத்திரை வாக்கியம் இதுதான், மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஆசிரியர் தன் நூலுக்கு இரகசிய மகுடமாக வைத்ததை எடுத்துவிட்டு அட்டையில் அவர் பெயரைப் போட்டிருக்கிறீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கடைசி நாள் வேட்டையில் ஆகாப் ஈட்டியை எறியும்போது சொல்லும் சொல், சிலுவையில் இயேசு உயிர்விட்டதைச் சொல்லும் ஆங்கில வேத வாக்கியத்தின் திரிப்பு. ஆங்கிலத்தில் அது கொஞ்சம் வலிந்து செய்ததாகவே இருக்கும். தமிழில் அள்ளிக்கொள்ளலாம். நம் மத்தேயுவில் இருப்பது 'ஆவியை விட்டார்'. ஆகாப் 'ஈட்டியை விடுகிறேன்' என்றால் போதும். அம்பு விடுவதும் உயிர் விடுவதும் நமக்கு ஒரே வினைச்சொல். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு நன்றாக அமையக்கூடிய அபூர்வமான இடம். உங்கள் பதிப்பில் 'ஏஹாப் ஆவேசத்துடன் ஈட்டியை வீசினான்'.

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்த ஆள் நாவலை ஞாயிறு பள்ளிக்கூடப் பாடமாக்கப் பார்க்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் வெட்டிய இன்னொரு இடத்தைப் போதகர்கள் யாரும் ஞாயிறு பள்ளியில் சொல்ல மாட்டார்கள். இஸ்மவேலின் சிநேகிதனான ஈட்டிக்காரன், தென்கடல் தீவுக்காரன் குவீக்வெக், யோஜோ என்ற கூனல் விழுந்த சின்ன மரப் பொம்மையைக் கும்பிடுகிறான். கணப்படுப்பின் நடுவில் அதை நிறுத்தி, மரச்சீவலைக் கொளுத்தி, கப்பல் பிஸ்கட்டைச் சுட்டு, விரலைச் சுட்டுக்கொண்டு எடுத்து, அதன் முன்னால் வைக்கிறான். பழுத்த பிரஸ்பிட்டீரியன் கிறிஸ்தவ சபை வளர்ப்பான இஸ்மவேல் யோசிக்கிறான். வழிபாடு என்பது கடவுளின் சித்தத்தைச் செய்வது. பிறர் எனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று நான் விரும்புகிறேனோ அதையே நான் அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்பது அவர் சித்தம். இவன் என்னோடு சேர்ந்து கும்பிட்டால் எனக்குப் பிடிக்கும். ஆகவே நான் இவனோடு சேர்ந்து கும்பிட வேண்டும். ஆகவே நான் விக்கிரகாராதனைக்காரன் ஆக வேண்டும்! உடனே எழுந்துபோய் அவனும் சீவலைக் கொளுத்தி, பொம்மையைத் தாங்கிப் பிடித்து, பிஸ்கட் படைத்து, இரண்டு மூன்று தரம் சலாம் போட்டு, அதன் மூக்கில் முத்தமும் கொடுக்கிறான். படையல் போடத் தெரிந்த நமக்கு இதை விளக்க அடிக்குறிப்பே வேண்டாம்.

விஷ்ணுவையும் வெட்டிவிட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியுமா? 82ஆம் அத்தியாயத்தில் இஸ்மவேல் திமிங்கில வேட்டைக்காரர்களின் குலப்பெருமையைப் பட்டியல் போடுகிறான். பெர்சியஸ், செயின்ட் ஜார்ஜ், ஹெர்குலிஸ், யோனா, எல்லாருக்கும் தலைவராக விஷ்ணு. நம் மச்சாவதாரக் கதைதான்: பிரளயத்தில் வேதங்கள் நீரின் அடியில் கிடக்கின்றன, விஷ்ணு மீனாகி ஆழத்தில் பாய்ந்து மீட்கிறார். மெல்வில் மீனைத் திமிங்கிலமாக்கிவிட்டார். அதோடு விடவில்லை. குதிரைமேல் போகிறவன் குதிரைவீரன் என்றால், திமிங்கிலத்துக்குள்ளேயே போன விஷ்ணு திமிங்கிலவீரன் இல்லையா என்று கேட்கிறான் இஸ்மவேல். பாதி கிண்டல், பாதி பக்தி. யோனாவை விழுங்கியதாகத் தமிழ் வேதம் சொல்வதும் 'ஒரு பெரிய மீன்'தான். திமிங்கிலம் மீனே என்று 32ஆம் அத்தியாயத்தில் அடித்துச் சொல்லும் இஸ்மவேல், அதற்கு யோனாவைச் சாட்சிக்கு இழுக்கிறான். விலங்கியல் ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக.

உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 1851 அக்டோபரில் 'திமிங்கிலம்' என்ற பெயரில் மூன்று பாகங்களாக லண்டனில்தான் இந்த நாவல் முதலில் வெளிவந்தது. நியூயார்க் பதிப்பு அடுத்த மாதம். லண்டன் பதிப்பில் வேதத்தைக் கேலி செய்வதாகவும் அரச குடும்பத்தை அவமதிப்பதாகவும் பட்ட இடங்களையெல்லாம் நீக்கியிருந்தார்கள். பின்னுரையும் அதில் விடுபட்டுப்போனது. அந்தப் பின்னுரைதான் கப்பல் மூழ்கியபின் இஸ்மவேல் பிழைத்ததைச் சொல்வது. எல்லாரும் செத்துவிட்டால் கதை சொல்வது யார் என்று ஆங்கில விமர்சகர்கள் மெல்வில்லைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

உங்கள் பதிப்பில் இஸ்மவேல் பிழைக்கிறான், நன்றி. 'அவ்வழியே வந்த கப்பல் ஒன்று அவனைக் காப்பாற்றியது.' அவ்வழியே வந்ததா? அந்தக் கப்பலின் பெயர் ராகேல். அதன் தலைவர் கடலில் தொலைந்த தன் மகனைத் தேடித் தர உதவும்படி சில நாட்களுக்கு முன் ஆகாப்பிடம் கெஞ்சியிருந்தார். ஆகாப் மறுத்துவிட்டான். எரேமியாவில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் அடையாதிருக்கிறாள். இந்த ராகேலும் இன்னும் தேடிக்கொண்டே வருகிறாள்; சொந்தப் பிள்ளை கிடைக்காமல், குவீக்வெக்குக்காகச் செய்த சவப்பெட்டியைப் பற்றிக்கொண்டு மிதக்கும் வேறொரு அனாதையை எடுத்துக்கொள்கிறாள். வீட்டைவிட்டு விரட்டப்பட்டவனைப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் எடுக்கிறாள். இரண்டு பெயர்களையும் சரியாக அச்சடித்திருந்தால் ஒரு வார்த்தை கூடுதலாக எழுத வேண்டியதில்லை.

முன்னுரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'வெள்ளைத் திமிங்கிலம் கடவுளின் குறியீடு, ஏஹாப் சாத்தானின் குறியீடு' என்று முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு உதவும். தன் திமிங்கிலத்தை வெறும் உருவகக் கதையாக எடுத்துக்கொள்வதைச் சகிக்கமுடியாத அருவருப்பு என்று 45ஆம் அத்தியாயத்தில் நாவலே திட்டுகிறது. 99ஆம் அத்தியாயத்தில் பாய்மரத்தில் அறைந்த தங்கக்காசை ஒவ்வொருவராக வந்து பார்க்கிறார்கள். காசில் மூன்று மலைச்சிகரங்கள். ஸ்டார்பக்குக்கு அவை பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவம்; ஆகாப்புக்கு மூன்றுமே ஆகாப். 1856இல் இங்கிலாந்துக் கடற்கரை மணல்மேடுகளில் மெல்வில்லோடு உட்கார்ந்து பேசிய ஹாதோர்ன், இவரால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அப்படிப்பட்டவர் எழுதியதற்கு விடைக்குறிப்பு போட வேண்டாம். அந்த முன்னுரைப் பக்கங்களை எடுத்தாலே விளக்குக்கும் யோஜோவுக்கும் இடம் கிடைத்துவிடும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பெயர்கள் தமிழ் வேதத்தில் உள்ளபடி. யோனா பிரசங்கம் நான்கு பக்கத்துக்குக் குறையாமல். யோஜோ ஒரு பக்கம், விஷ்ணு அரைப் பக்கம், ஈட்டியின் ஞானஸ்நானம் முழுதாக, ராகேல் முழுதாக. பத்து, பன்னிரண்டு பக்கம் கூடும். அதற்கு இடம் வேண்டுமானால் திமிங்கிலக் கொழுப்பை உருக்கும் பகுதியைக் குறைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்தால் 20 பிரதிகளுக்கு நான் பணம் கட்டிவிடுகிறேன். எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல் ஒரு பெரிய எழுத்துப் பதிப்பும் போட முடியுமென்றால் அதில் ஒன்று. அம்மா தினமும் கேட்கிறாள், அந்த ஆகாப் கடைசியில் என்ன ஆனான் என்று. தானே வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களை எட்டாம் வகுப்பிலிருந்து காசு கொடுத்து வாங்கும் ஒரு வாசகன்